ஊர்வலத்தில் வாத்தியம் மக்கர் செய்தால்

தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசிப் பக்கம் ஊர்வலம் கிளம்பினால் சாமிக்கு முன்னால் பேண்டு செட் போகும். பேண்டு செட்டுக்கும் முன்னால் சரவெடி போகும். பங்குனிப் பொங்கலோ, சர்ச் சப்பரப் பவனியோ, மாப்பிள்ளை அழைப்போ, வரிசை பெரும்பாலும் இதுதான். மேடைக் கச்சேரியில் தந்தி அறுந்தால் வித்வான் சிரித்துக்கொண்டே மாற்றிக்கொள்வார், சபையும் காத்திருக்கும். தெரு காத்திருக்காது. பின்னால் சப்பரம் நகர்ந்து வரும், பக்கத்தில் இளவட்டங்கள் ஆடுவார்கள், காலடியில் வெடிக் காகிதம் கிடக்கும். டிரம் தோல் கிழிவதும் ட்ரம்பெட் வால்வு இறுகுவதும் நாதஸ்வரச் சீவாளி பிளப்பதும் இதற்கு நடுவில்தான்.

புதிதாக பேண்டு செட் நடத்துபவருக்கும், பள்ளி பேண்டு குழுவைப் பார்த்துக்கொள்ளும் உடற்கல்வி ஆசிரியருக்கும், நையாண்டி மேளக் குழுவில் பொறுப்பில் இருப்பவருக்கும் இந்த அத்தியாயம். இதன் அடிப்படை விதி: நடந்துகொண்டே பழுது பார்க்கக் கூடாது. முதலில் ஓசை அறுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அடுத்து ஆளை ஓரம் கட்ட வேண்டும், வாத்தியத்தைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகு.

முந்தின நாள் செய்ய வேண்டியவை

வழியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை முந்தின நாள் மாலையே பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவை. கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள்.

1. தோல் வாத்தியங்களை வெளியே எடுத்து, விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டவும். கிழிசல் நடுவில் தொடங்குவது குறைவு. வளையம் உரசும் இடத்தில்தான் முதல் கீறல் விழும்.
2. போல்ட், நட்டு, கொக்கி, வார் எல்லாவற்றையும் இழுத்துப் பார்க்கவும். இன்றைய தவில்களில் தோல் வாருக்குப் பதில் இரும்புக் கம்பியும் நட்டும் வந்துவிட்டன. நட்டு தளர்ந்தால் சத்தம் இறங்கும், கழன்றால் தோலே நழுவும்.
3. பேஸ் டிரம் அடிக்கும் கட்டையின் தலை உறுதியாக இருக்கிறதா என்று திருகிப் பார்க்கவும். வேகமாக வீசும்போது கழன்று பறக்கும் தலை, ஆடிக்கொண்டிருப்பவர் முகத்தில் போய் விழும்.
4. ஜால்ராத் தட்டுகளின் பிடிவாரை அவிழ்த்து முடிச்சைப் பார்க்கவும். நைந்திருந்தால் அப்போதே மாற்றவும். தட்டின் விளிம்பில் விரிசல் தெரிந்தால் அதைக் கொண்டுபோக வேண்டாம்.
5. ட்ரம்பெட், யூஃபோனியம் வால்வுகளுக்கு எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றும் அழுத்தியதும் தானாக மேலே வருகிறதா என்று சோதிக்கவும்.
6. கிளாரினெட், சாக்ஸபோன் சாவிகளின் குட்டித் திருகுகளை இறுக்கவும். மூன்று மணி நேரம் நடந்தால் அவை தாமாகவே தளரும்.
7. கடைசியாக, போகிற தெருவை ஒருமுறை நடந்து பார்க்கவும். குழி, வேகத்தடை, தாழ்ந்த மின்கம்பி, வெடி போடும் இடம், தண்ணீர் கிடைக்கும் இடம் ஆகிய ஐந்தையும் குறித்துக்கொள்ளவும்.

அவசரப் பையும் பைக்காரரும்

வாசிக்காமல், தோளில் பையோடு ஓரமாக நடந்துவர ஒருவர் வேண்டும். அவரைப் பைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். செலவு கூடுகிறதே என்று சின்ன செட்டுகள் இவரை விட்டுவிடுகின்றன. கோளாறு வந்ததும் வாசிப்பவரே பையைத் தேடி ஓட, வரிசையில் இரண்டு பேர் குறைகிறார்கள்.

பையில் இருக்க வேண்டியவை:

- டிரம் குச்சி இரண்டு ஜோடி, பேஸ் டிரம் கட்டை ஒன்று
- டிரம் சாவி, சிறிய ஸ்பேனர், மெல்லிய ஸ்க்ரூ டிரைவர்
- வால்வு எண்ணெய்
- கிளாரினெட், சாக்ஸபோன் ரீடு தலா மூன்று
- சீவாளி, தவிலுக்கான விரல் கூடு
- துணி டேப், ரப்பர் பேண்டு, நூல்கண்டு, மெல்லிய கம்பி
- தோளில் மாட்டும் வார் ஒன்று, எஸ் கொக்கி இரண்டு
- பருத்தித் துண்டு, பெரிய பிளாஸ்டிக் உறைகள்
- குடிதண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காதடைப்பான்

சீவாளியை மட்டும் இன்னும் முன்யோசனையோடு சேர்த்துவைக்க வேண்டும். நல்ல சீவாளி திருவாவடுதுறைப் பக்கத்திலிருந்து வருவது. அங்கிருந்து வாங்கிப் பதப்படுத்தி வைத்திருப்பதை நம்பித்தான் தென்கோடியில் வாசிக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு வெம்பக்கோட்டைக் கடைத்தெருவில் தேடினால் கிடைக்காது.

கோளாறு வந்ததும்: முதல் சில விநாடிகள்

எந்த வாத்தியம் கெட்டாலும் வரிசை இதுதான். ஒத்திகையில் ஒரு பாட்டுக்கு ஒருமுறை, சொல்லாமல் கொள்ளாமல் ஒருவரை நிறுத்தச் சொல்லி இதைப் பழக வேண்டும்.

1. நடையை நிறுத்த வேண்டாம். வாசிப்பு நின்றாலும் கால் நிற்கக் கூடாது. திடீரென நின்றால் பின்னால் வருபவரின் வாத்தியம் முதுகில் இடிக்கும். ட்ரம்பெட் ஊதுபவராக இருந்தால் அவர் பல்லும் உதடும் அடிபடும்.
2. இடது கையை உயர்த்த வேண்டும். வாயால் சொன்னால் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.
3. பக்கத்து ஆள் அந்தப் பகுதியை எடுத்துக்கொள்ள வேண்டும். யாருக்கு யார் கைமாற்று என்பது கிளம்புமுன்பே முடிவாகியிருக்க வேண்டும்.
4. கெட்ட வாத்தியக்காரர் சாய்வாக முன்னோக்கி நடந்தபடியே ஓரத்துக்கு விலக வேண்டும். திரும்பி எதிர்த்திசையில் நடக்கக் கூடாது.
5. பைக்காரர் மாற்றுப் பொருளைக் கொடுப்பார். இரண்டு நிமிடத்தில் சரியாகாவிட்டால் அந்த வாத்தியம் வண்டிக்குப் போக வேண்டியதுதான். தெருவில் உட்கார்ந்து பிரிக்க வேண்டாம்.
6. சரியானதும் நடுப் பாட்டில் நுழையாமல், பாட்டு முடிந்த இடைவெளியில் கடைசி வரிசையில் சேர வேண்டும்.

பேஸ் டிரம்முக்கு மட்டும் தனி ஏற்பாடு தேவை. மொத்தக் குழுவின் காலும் அதைக் கேட்டுத்தான் விழுகிறது. அது நின்றால் சைடு டிரம் வாசிப்பவர் சொற்கட்டுகளை விட்டுவிட்டு, இடது கால் விழும் அடியில் அழுத்தமாக ஒரு தட்டு கொடுத்துக்கொண்டு போக வேண்டும். பேண்டு மாஸ்டர் விசிலால் அதையே தாங்கிப் பிடிக்கலாம்.

வரிசைக்குள் அந்நியர் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 1982 நவம்பர் 20 அன்று கலிஃபோர்னியா, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணிகளுக்கு இடையே அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடந்தது. ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்த ஸ்டான்ஃபோர்டு பேண்டு குழு மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. ஆட்டமோ முடியவில்லை. பந்தோடு ஓடிவந்த கெவின் மோயன், பேண்டு குழுவுக்குள் புகுந்து எல்லைக்கோட்டைத் தாண்டி, அங்கே நின்ற ட்ராம்போன் கலைஞர் மேல் மோதினார். ட்ராம்போன் நசுங்கியது. தாயில்பட்டித் தெருவில் பந்தோடு யாரும் வர மாட்டார்கள். ஆடிக்கொண்டே பின்னோக்கி வருபவர்கள் உண்டு. எனவே குழுவின் இரு பக்கமும் கயிறு பிடித்து வர விழாக்குழுவிடம் ஆள் கேட்டு வாங்குவது நல்லது. வரிசைக்கு வரிசை இரண்டு மீட்டர் இடைவெளியும் வேண்டும்.

வாத்தியம் வாரியாக

*சைடு டிரம்.* மேல்தோலில் விளிம்போரம் சின்னக் கிழிசல் என்றால் துணி டேப்பைக் குறுக்காக ஒட்டி, மறு ஓரத்தில் அடித்து ஊர்வலத்தை முடித்துவிடலாம். நடுவில் கிழிந்தால் டேப் தாங்காது. டிரம்மைக் கவிழ்த்து அடிப்பது பலர் செய்யும் தவறு. அடிப்பக்கத் தோல் மிக மெல்லியது, அதுவும் போகும். கீழே உள்ள கம்பி வலை அறுந்து தொங்கினால், அதன் விசையைத் தளர்த்திக் கழற்றிவிடவும். ஒலி மாறுமே தவிர தாளம் போகாது.

*ட்ரம்பெட்.* வால்வு இறுகினால் மூடியைத் திருகி, பிஸ்டனைப் பாதி வெளியே இழுத்து, மூன்று சொட்டு எண்ணெய் விட்டு, இழுத்த நேர்க்கோட்டிலேயே இறக்கவும். அவசரத்தில் மூன்றையும் கழற்றினால் மாறிப்போகும். ஒவ்வொரு பிஸ்டனிலும் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். எண் மாறினால் காற்றே போகாது. தேங்காய் எண்ணெய் விடக் கூடாது. தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

இரண்டாம் வால்வு இறங்க மறுத்தால் ஒரு குறுக்குவழி உண்டு. 1, 2 சேர்த்து அழுத்த வேண்டிய சுரங்களுக்கு 3-ஐ மட்டும் அழுத்தலாம். சுருதி துளி இறங்கும், தெருவில் தெரியாது. எச்சில் நீர் வடியும் சாவியின் ஸ்பிரிங் உடைந்தால் ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டவும். வாய்ப்பூண் சிக்கிக்கொண்டால் குறடு போடக் கூடாது; குழல் முறுக்கிக்கொள்ளும்.

*கிளாரினெட், சாக்ஸபோன்.* ரீடு காய்ந்தால் கீச்சிடும், நுனி உடைந்தால் ஊமையாகும். மாற்று ரீடை நனைத்துத் தயாராக வைத்திருக்க வேண்டும். இணைப்புத் தக்கை காய்ந்து தளர்ந்தால் நூலை நாலு சுற்று சுற்றிச் செருகலாம். சாவி ஸ்பிரிங்குக்கும் ரப்பர் பேண்டுதான் மருந்து. மரக் கிளாரினெட்டை வறண்ட வெயிலுக்கு எடுத்துப்போக வேண்டாம், விரிசல் விடும். தெருவுக்குப் பிளாஸ்டிக் உடல் கொண்டது போதும்.

*நாதஸ்வரம்.* கூட்டத்தில் இடிபட்டால் முதலில் உடைவது சீவாளி, கூடவே அடிபடுவது உதடு. எனவே முன்னால் ஒரு ஆள் இடம் விட்டு நடக்க வேண்டும். கீழ்த்துளைகளில் சுருதிக்காக அடைத்த மெழுகு நடுப்பகல் வெயிலில் இளகலாம். ஓய்வு நேரத்தில் வாத்தியத்தை நிழலில், துணிக்குள் வைக்கவும்.

*தவில்.* வலந்தலையில் விரல் கூடு கழன்றால் வெறும் விரலால் தொடர வேண்டாம். தோலும் விரலும் சேர்ந்து கிழியும். மாற்றுக் கூடு மாட்டும்வரை ஜோடித் தவில்காரர் இழுத்துக்கொள்ள வேண்டும். ஒற்றைத் தவில் என்றால் தாளக்காரர் சத்தமாகப் போட வேண்டும்.

*பறை, உருமி.* ஈரக்காற்றில் தோல் தளரும். பறையை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றுவது வழக்கம். எங்கே காய்ச்சுவது என்பதற்குப் பட்டாசு வட்டாரத்தில் தனி விதி வேண்டும்; அடுத்த பகுதியைப் பார்க்கவும்.

வெடியும் வாத்தியமும்

சட்டப்படி ஒரு பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. தாண்டாவிட்டாலும் காதுக்கு அது பெரிய இடிதான். கூடவே தீப்பொறி, புகை, காகிதச் சிதறல். வெடி போடுபவரைக் கிளம்புமுன்பே பேண்டு மாஸ்டர் நேரில் பார்த்துப் பேசிவிட வேண்டும். பேச வேண்டியவை:

1. வெடிக்கும் இடம் எது? வாத்தியக் குழு அங்கிருந்து குறைந்தது 25 மீட்டர் தள்ளி நிற்கும்.
2. யார் சைகை கொடுப்பது? "போடலாம்" என்பதை ஒரே ஆள்தான் சொல்ல வேண்டும். அந்தச் சைகை வரும்போது பாட்டு முடிந்திருக்க வேண்டும்.
3. எப்போது கடப்பது? சரம் ஓய்ந்து, முழுதாக ஒரு நிமிடம் கழித்து. வெடிக்காத வெடியை மிதிப்பதும் காலால் தள்ளுவதும் கூடாது.
4. மீதி வெடி எங்கே இருக்கிறது? வாத்திய வண்டியும் ஜெனரேட்டரும் அதன் பக்கத்தில் நிற்கக் கூடாது.

நான்காவது கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கேரளத்தின் பரவூர் புற்றிங்கல் கோயிலே சாட்சி. 2016 ஏப்ரல் 10 அதிகாலை, வாணவேடிக்கையின் தீப்பொறி வெடி வைத்திருந்த கட்டடத்தில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

பறை காய்ச்சும் நெருப்பு ஊர்வலப் பாதையிலும் வெடிக்கட்டு இருக்கும் தெருவிலும் மூட்டப்படக் கூடாது. கிளம்பும் இடத்தில், காற்றுக்கு மறைவாக, பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர் வைத்துக் காய்ச்சி, அணைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். வழியில் மறுபடி தளர்ந்தால் நெருப்பு வேண்டாம். ஃபைபர் தோல் பறை ஒன்றை மாற்றுக்கு வைத்திருந்தால் போதும்.

பட்டாசு ஆலையில் வேலை முடித்து நேரே வருபவர் குழுவில் இருந்தால் குளித்து, உடை மாற்றியபின்தான் வரிசையில் நிற்க வேண்டும். துணியில் ஒட்டிய மருந்துத் தூளுக்கு ஒரு பொறி போதும். சீருடைக்குப் பருத்தித் துணி நல்லது. பளபளக்கும் பாலியஸ்டர் தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டும். கல்யாண ஊர்வலங்களில் இப்போது அடிக்கும் நுரை ஸ்பிரே எளிதில் தீப்பிடிப்பது, வால்வுக்குள் போனால் ஒட்டிக்கொள்வது. இரண்டு காரணத்துக்காகவும் அதை வரிசைக்குள் அனுமதிக்க வேண்டாம்.

பொறி பட்டுவிட்டால்: உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டவும். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றவும். ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். பற்பசை, மை, மாவு எதுவும் பூசாமல் சுத்தமான துணியால் மூடி 108-ஐ அழைக்கவும்.

வெயில், மழை, மின்கம்பி

கரிசல் காட்டு வெயிலில் வாத்தியத்தைவிட ஆள் முதலில் பழுதாவார். 2023 ஜூன் 10 அன்று லண்டனில் இளவரசர் வில்லியம் முன்னிலையில் நடந்த அணிவகுப்பு ஒத்திகையில், கம்பளிச் சீருடையும் கரடித்தோல் தொப்பியும் அணிந்த வீரர்கள் சிலர் மயங்கி விழுந்தார்கள். அன்று அங்கே வெயில் 30 டிகிரி அளவுதான். விழுந்தவர்களில் ஒருவர் ட்ராம்போன் கலைஞர். எழுந்து மறுபடி ஊத முயன்றார். படம் உலகெங்கும் பரவியது, பாராட்டும் கிடைத்தது. வழிகாட்டியாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். மயங்கியவர் நிழலுக்குப் போக வேண்டும், காலைத் தூக்கிப் படுக்க வேண்டும், அன்று வாசிக்கக் கூடாது. நன்றாகத் தெளிந்தபின் உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். நினைவு தெளியாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழைக்கவும்.

வெயிலால் சுருதியும் நகரும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 6 மீட்டர் கூடும். ஊதும் வாத்தியங்கள் மேலே ஏறும், வண்டியில் வரும் கீபோர்டு இருந்த இடத்திலேயே இருக்கும். அறைக்குள் சேர்த்த சுருதியை நம்பாமல், கிளம்பும் தெருவிலேயே ஐந்து நிமிடம் ஊதிச் சூடேற்றியபின் குழலைக் கொஞ்சம் வெளியே இழுத்துச் சரிசெய்யவும்.

மழைத் தூறல் விழுந்தால் முதலில் மூட வேண்டியது தோல் வாத்தியங்கள், அடுத்து கிளாரினெட், சாக்ஸபோன். பித்தளை கொஞ்சம் தாங்கும். மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் உள்ள வண்டியில் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும்.

மின்கம்பி விஷயத்தில் சலுகையே கிடையாது. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். ஒலிபெருக்கி வண்டி, கொடிக்கம்பு, அலங்கார விளக்கு எல்லாவற்றின் உயரத்தையும் அளந்து, குறுக்கே போகும் கம்பிகளின் உயரத்தோடு ஒப்பிட்ட பின்பே வண்டி கிளம்பட்டும். சந்தேகம் இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து மின்தடை கேட்கலாம்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

- ஒருவர் நின்றதும் மற்றவர்கள் ஈடுகட்டப் பலமாக ஊதுவது. பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, அடுத்தவரும் நிற்பார்.
- "அண்ணே, ஒரு தட்டு தட்டிட்டுத் தாரேன்" என்று கேட்பவரிடம் குச்சியைக் கொடுப்பது. மறுப்பதைப் பைக்காரரிடம் விட்டுவிடுங்கள். வாசிப்பவர் சண்டைக்குப் போகக் கூடாது.
- ரூபாய் நோட்டைக் குழல் வாயில் செருக விடுவது, வாசிக்கும்போதே பொன்னாடை போர்த்த விடுவது. துளையும் சாவியும் மூடிக்கொள்ளும். மரியாதை எல்லாம் பாட்டு முடிந்த பிறகு என்று விழாக்குழுவிடம் முன்பே சொல்லிவைக்கவும்.
- ஓய்வில் டிரம்மைச் சூடான தார்ச்சாலையில் வைப்பது, வாத்தியங்களைப் பூட்டிய வேனுக்குள் வெயிலில் விடுவது.
- எல்லாரும் பார்க்க, கோளாறு வந்தவரைத் திட்டுவது. பள்ளிக் குழுவில் இது நடந்தால் அடுத்த முறை மாணவர் கை உயர்த்தவே மாட்டார். கெட்ட வாத்தியத்தை வைத்துக்கொண்டு சும்மா ஊதுவதுபோல் நடிப்பார்.
- நேரத்தை மறப்பது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் இசைக்கருவி வாசிக்க 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் கட்டுப்பாடு உண்டு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி.

முடிந்த பிறகு

1. வண்டியில் ஏற்றுமுன் ஒவ்வொரு உறையையும் தட்டி, புகையும் காகிதத் துண்டு எதுவும் ஒட்டியிருக்கவில்லை என்று பார்க்கவும். மிஞ்சிய வெடியை யார் கொடுத்தாலும் வாத்தியப் பெட்டிக்குள் போட வேண்டாம்.
2. பித்தளையை ஈரத்துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் துடைக்கவும். வெடிப்புகையின் படிவு இரவு முழுக்க இருந்தால் கறை ஏறும்.
3. தோல் வாத்தியத்தை ஒரு சுற்று தளர்த்தி வைக்கவும்.
4. எந்த வாத்தியம், எந்த இடத்தில், என்ன கோளாறு, எத்தனை நிமிடத்தில் சரியானது என்று ஒரு நோட்டில் எழுதவும். மூன்று ஊர்வலம் எழுதினால் பையில் எது கூட வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்துவிடும்.
5. காதில் இரைச்சல் இருக்கிறதா என்று எல்லாரையும் கேட்கவும். மறுநாள் காலையும் இரைச்சல் ஓயாத ஆளைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பவும். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அடுத்த ஊர்வலத்தில் அவருக்கு டிரம் வேண்டாம், அவசரப் பை கொடுத்து ஓரமாக நடக்கவிடலாம்.